ஃபைபர் பஃபருக்கு எபொக்ஸியா, நேரா 2கே ப்ரைமரா?

2020ல வாகன இறக்குமதிய நிப்பாட்டினதில இருந்து கொழும்பில பழைய காருக்கு கம்பெனி பஃபர் (பம்பர்) தேடுறது பெரிய அலுவல், உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைல கிடைச்சாலும் விலையக் கேட்டா பேசாம திரும்பி வரத்தான் தோணும். 2025ல திறந்து விட்டாலும் கன பேர் இன்னும் அதே பழைய காரத்தான் ஓட்டுறம், அதால உள்ளூர்ல செஞ்ச ஃபைபர் பஃபர், ஃபைபர் பொனட் எண்டு போயிட்டம். என்ட லான்சருக்கும் அதுதான்.

பெயின்ட் அடிக்கப் போனா கேள்வி இதுதான்: 2கே ஹை பில்ட் ப்ரைமர (ஹாட்னர், அதாவது இறுக வைக்கிற திரவம் கலந்து தடிப்பா அடிக்கிற அடிப்பூச்சு) நேரா அடிக்கிறதா, இல்ல முதல்ல எபொக்ஸி ப்ரைமர் (தண்ணிய உள்ள விடாத அடிப்பூச்சு) போட்டு அதுக்கு மேல ஹை பில்டா? நான் எபொக்ஸி போட்டனான், இப்பவும் அந்தப் பக்கம்தான்.

ரெண்டுக்கும் முன்வேலை ஒண்டுதான். அச்சில இருந்து கழட்டுறதுக்குப் பூசின மெழுகு புதுப் பஃபர்ல ஒட்டியிருக்கும், அத சோப்புத் தண்ணியால கழுவி, வெக்ஸ் ரிமூவரால துடைச்சிட்டுத்தான் உரசுற பேப்பர் போடோணும். முதலே உரசினா மெழுகு கீறலுக்குள்ள போயிடும். 180, 240 பேப்பர் காணும், ஜெல்கோட்ட (ஃபைபருக்கு மேல இருக்கிற வழுவழுப்பான ரெசின் படை) தாண்டி உள்ள இருக்கிற நாருக்குப் போகாதீங்க. பெயின்ட் ரிமூவர் கிட்டவும் கொண்டு போக வேணாம், ரெசினையும் சேத்துத் தின்னும். எட்ச் ப்ரைமர் தகரத்துக்கு, இங்க அதுக்கு வேலையில்ல.

2கேயில நல்ல விஷயம் இருக்கு, இல்லையெண்டு சொல்லேல்ல. மேடுபள்ளத்த நல்லா நிரப்பும், 320, 400 போட்டா மாவா உதிரும், வேலை கெதியா முடியும். பாஸ்மாருக்கு (கராஜ்ல பெயின்ட் அடிக்கிறவங்களுக்கு) அது பிடிக்கிறது இதாலதான்.

ஆனா என்ன முடிவெடுக்க வெச்சது தண்ணி. ஹை பில்ட் சுலபமா உரசுப்படுறதே உள்ள டால்க் மாதிரி தூள் நிறைய இருக்கிறதாலதான், அதே தூள்தான் தண்ணியையும் இழுக்கும், மேல கலரும் க்ளியரும் ஏறுற வரைக்கும் அது திறந்து கிடக்கிற பஞ்சுதான். எங்கட கராஜ்கள்ல எல்லாத்தையும் வாளித் தண்ணி ஊத்தித்தான் உரசுவாங்க. அந்தத் தண்ணி ஹை பில்டுக்குள்ள இறங்கி, ஊசி ஓட்டை இருக்கிற இடத்தில ஜெல்கோட்டயும் தாண்டி நாருக்குள்ள போய் நிக்கும், கொழும்புக் காத்தில லேசில காயாது, மேலால காஞ்ச மாதிரி தெரியும், கலர அடிச்சிடுவாங்க, பிறகு காலி வீதில மத்தியான வெயிலுக்க காரை விட்டா உள்ளுக்க இருக்கிறது ஆவியாகி கொப்பளம் கொப்பளமா கிளம்பும். ஃபைபர் துருப்பிடிக்காதுதானே, ஏன் சீல் பண்ணோணும் எண்டு கேக்கிறவங்க இந்த இடத்தத்தான் யோசிக்கிறதில்ல. ஓட்டைய முதல்ல நிரப்பிட்டு அடிச்சா எபொக்ஸி அந்த வழிய அடைச்சிடும், ஜெல்கோட்டிலயும் நல்லாப் பிடிக்கும்.

ஊசி ஓட்டைய ரெண்டு ப்ரைமரும் தானா மூடாது. ஹை பில்ட் மூடின மாதிரி காட்டும், உள்ள காத்து அப்பிடியே நிக்கும், சூடு பட்டா வெடிச்சு வெளிய வரும். எபொக்ஸிய மெல்லிசா ஒரு கோட் அடிச்சா ஓட்டை எல்லாம் கண்ணுக்குத் தெரியும், காஞ்ச பிறகு லேசா உரசி மெல்லிய புட்டிய பிளேடால அமத்தி நிரப்பி, சமப்படுத்தி, திரும்ப எபொக்ஸி.

கஷ்டமும் இருக்கு. எபொக்ஸி காய நேரம் எடுக்கும், அரைகுறையா காஞ்சதில பேப்பர் போட்டா பிசின் மாதிரி அடைச்சிடும். ஹாட்னர் அளவு டப்பால போட்ட மாதிரியே இருக்கோணும், கண்ணளவுக்கு ஊத்தினா சரிவராது. அடுத்த கோட்டுக்கு குடுத்த நேரம் தாண்டினா உரசாம மேல அடிக்க ஏலாது. மழை இருட்டின பின்னேரத்தில அடிக்கவே வேணாம்.

பொலியெஸ்டர் ஸ்ப்ரே ஃபில்லர் எண்டு மூண்டாவது ஒண்டும் இருக்கு, தடிப்பா ஏறும். நான் பாவிக்கேல்ல, மத்தவங்க அடிக்கிறதப் பாத்ததுதான், அதால பெருசா சொல்ல மாட்டன், தடிப்பா போட்டா வெடிக்கும், அதையும் மேல சீல் பண்ணோணும்.

ஜெல்கோட் உடையாம, ஓட்டை இல்லாம, முழுக்க உலர்வாவே உரசுற பாஸ் கிடைச்சா நேரா 2கே போதும். அதோட 2கே ஹாட்னர்ல ஐசோசயனேட் எண்ட நச்சுப் பொருள் இருக்கு, மூக்கில லேஞ்சி கட்டிக்கொண்டு அடிக்கிற வேலை இல்ல அது.

மிஞ்சின எபொக்ஸிய ஊத்திடாதீங்க, பஃபர்ட பின்பக்கம் வெறும் நாராத்தான் கிடக்கும், பிரஷால அங்க ஒருக்கா பூசி விடுங்க, ரோட்டுத் தண்ணி முழுக்க அடிக்கிறது அங்கதான்.