கமாகா அன்னாசி உகுலேலே: ஓராண்டு மீட்டிய பிறகு

சிறு கிதார் போன்ற ஹவாய்க் கருவியான உகுலேலேயில், கமாகா நிறுவனத்தின் அன்னாசி வடிவ சொப்ரானோவை (வழக்கமான அளவுகளில் மிகச் சிறியது) ஓராண்டாக மீட்டி வருகிறேன். ஒரு முழத்தைச் சற்றே தாண்டும் நீளமும் நான்கே நைலான் தந்திகளும் கொண்ட ஒரு கருவிக்கு ஆயிரம் டாலருக்கு மேல் கொடுக்கலாமா என்று வாங்குமுன் பலநாள் யோசித்தேன். கொடுக்கலாம்; ஆனால் முதல் கருவியாக வாங்க வேண்டாம்.

1879இல் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில் மடெய்ராத் தீவிலிருந்து ஹோனலுலுவில் வந்திறங்கிய போர்ச்சுகீசியருள் மரவேலை அறிந்த மூவர், தங்கள் ஊரின் சிறு கிதாரான மஷெட்டேயை ஹவாய் மரத்தில் செய்யத் தொடங்கியதிலிருந்தே இக்கருவியின் கதை தொடங்குகிறது. அம்மூவருள் ஒருவரான மானுவல் நூனெஸிடம் தொழில் கற்ற சாமுவேல் கமாகா, 1916இல் தம் வீட்டின் நிலவறையில் பட்டறை வைத்தார். கிதாரைப் போல இடை ஒடுங்காத இந்த அன்னாசி வடிவத்துக்கு அவர் காப்புரிமை பெற்றது 1928இல். நிறுவனம் இன்றும் ஹோனலுலுவில் அக்குடும்பத்தின் கையிலேயே இருக்கிறது. (ஆங்கிலம் பேசுவோர் ‘யூக்கலேலி’ என்று நெளிக்கும் பெயரை ஹவாய்க்காரர் உச்சரிப்பது ஏறக்குறைய நாம் எழுதுவது போலத்தான்.)

உடல் முழுதும் கோவா மரம். ஹவாயில் மட்டுமே இயற்கையாக வளரும் இது நம் வேல மரத்துக்கு உறவு. வெளிச்சத்தில் சாய்த்தால் பொன்பழுப்பு வரிகள் அலைபோல் நகர்கின்றன. இடை ஒடுங்காததால் உள்ளே காற்றுக்குக் கூடுதல் இடம் கிடைக்கிறது. சொப்ரானோவுக்கே உரிய கீச்சொலி இதில் மட்டுப்பட்டு, அடியில் சற்றுக் கனம் சேர்கிறது.

முன்பு நான் வைத்திருந்த மலிவான ஒட்டுப்பலகைக் கருவியில் எஃப் கார்டை (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) பிடித்தால் இ தந்தி எப்போதும் சுருதி ஏறியே ஒலிக்கும். தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் துண்டு உயரமாக இருந்ததால், கழுத்தின் முதல் மெட்டில் (தந்தியை அழுத்தும் கட்டம்) அழுத்தும்போது தந்தி அளவுக்கு மீறி இழுபட்டதே காரணம். பல மாதங்கள் என் விரலைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கமாகாவில் அதே கார்டு முதல்நாளே சுத்தமாக விழுந்தது.

ஜி, சி, இ, ஏ என்ற சுருதியமைப்பில், மேலே இருக்கும் ஜி தந்தி அடுத்துள்ள சி தந்தியைவிட உயர்ந்த சுருதியில் நிற்பது உகுலேலேயின் தனிக்குணம். ஏ தந்திக்கும் அதற்கும் ஒரு முழுச்சுரமே இடைவெளி. அதனால் சுட்டுவிரல் நகத்தால் கீழ்நோக்கியும் அதன் சதையால் மேல்நோக்கியும் மீட்டும்போது, கீழே இறங்கினாலும் மேலே ஏறினாலும் கார்டு உயர்ந்த சுரத்திலேயே முடிகிறது. ஒலித்துளைக்கு மேல் மீட்டுவதைவிட, கழுத்து உடலோடு சேரும் இடத்தில் மீட்டினால் இக்கருவி நன்றாகப் பேசுகிறது. நகம், கட்டைவிரல், மீண்டும் சுட்டுவிரல் என்று ஒரே அடியில் மூன்றைப் புகுத்தும் மீட்டு இதில் மங்காமல் மூன்றாகவே கேட்கிறது.

பன்னிரண்டு மெட்டுகள்தாம் என்பதால், தனிச்சுரங்களில் மெல்லிசை வாசிக்க விரும்புவோருக்கு இதைவிடப் பெரிய டெனார் அளவே ஏற்றது. வார் மாட்டும் வசதியும் இல்லை. முன்கையால் மார்போடு அணைத்துப் பிடித்துத்தான் வாசிக்க வேண்டும். பெரிய உள்ளங்கை உடையவர்கள் கடையில் ஒருமுறை டி கார்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது: இரண்டாம் மெட்டுக்குள் மூன்று விரல்களும் அடங்க வேண்டும். புது நைலான் தந்திகள் முதல் வாரம் முழுதும் தளர்ந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு பாட்டுக்கும் முன் தந்தியை முறுக்கும் பிரடையைத் திருகினேன்.