ஏற்றத்தில் கட் ஆன ஸ்கூட்டரைச் 'சரியாக்கி'க் கொடுத்தார்கள்: குமரி மாவட்ட மின்சார வண்டிக்காரர்கள் கவனத்துக்கு

முதலிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீளமாக வாசிக்க நேரமில்லாதவர்கள் இந்தப் பத்தியோடு போகலாம். உங்கள் மின்சார ஸ்கூட்டர் ஏற்றத்தில் சூடாகிக் கட் ஆகிக்கொண்டிருந்ததா? வெளிக்கடை ஒன்றில் பேட்டரிப் பெட்டியைத் திறந்து, "பி.எம்.எஸ். மாத்தியாச்சு" என்று கொடுத்தார்களா? (பேட்டரியைக் கண்காணித்து, ஆபத்தென்றால் கரண்டை நிறுத்துகிற எலக்ட்ரானிக் பலகைதான் பி.எம்.எஸ்.) அதற்கப்புறம் ஒரு தடவைகூடக் கட் ஆகவில்லையா? அப்படியானால் சந்தோஷப்படாதீர்கள். சூட்டை அளக்கிற சென்சரை வெட்டிவிட்டு, ஒரு ரூபாய்கூடப் பெறாத ரெசிஸ்டர் (மாறாத மின்தடை தருகிற சின்னப் பாகம்) ஒன்றை வைத்து மூடியிருக்கலாம். எனக்கு அப்படித்தான் செய்தார்கள். அதற்குக் கூலி 4,500 ரூபாய்.

இனி விவரமாக.

எனக்கு வீடு குலசேகரம் பக்கம், வேலை தக்கலையில். கன்னியாகுமரி மாவட்டம் என்றால் வெளியூர்க்காரர்கள் கடற்கரையை மட்டும் நினைத்துக்கொள்வார்கள். சுசீந்திரம், தோவாளை பக்கம் ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்களுக்கும் பெரிய பாடு கிடையாது, பெரும்பாலும் வயலும் குளமுமாகச் சமதளம். கல்குளம், திருவட்டாறு, விளவங்கோடு தாலுகாக்களுக்கு வந்தால்தான் தெரியும். ஒரு ஏற்றம், உடனே இறக்கம், மறுபடி ஏற்றம். பின்னால் பள்ளிக்கூடப் பையோடு மகளையும் ஏற்றிக்கொண்டு போனால் வண்டி முனகுவது காதில் கேட்கும்.

முதல் வருடம் வண்டி ஒரு குறையும் சொல்லவில்லை. அப்புறம் வெயில் நேரத்தில் பெரிய ஏற்றங்களில் திடீரென்று அணைய ஆரம்பித்தது. ஓரமாக ஒதுக்கிக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் தானாக உயிர் வரும். இது போகப்போக அடிக்கடி நடந்தது. வண்டி வாங்கின ஷோரூமில் கேட்கலாம் என்றால், அங்கே இப்போது பழக்கடை. கம்பெனி நம்பரில் பேசியவர், "பேட்டரியைத் திருநெல்வேலிக்குக் கொண்டுவாங்க, பார்த்துச் சொல்ல ஒரு மாசம் ஆகும்" என்றார். ஒரு மாதம் வண்டியில்லாமல் எப்படி வேலைக்குப் போவது? தக்கலை வட்டாரத்தில் மின்சார வண்டி சர்வீஸ் என்று போர்டு வைத்திருக்கிற ஒரு கடையில் விட்டேன்.

கடைக்காரர் இளவயது. பேச்சு நல்ல பேச்சு. "எக்கா, பி.எம்.எஸ். போயிருக்கு. புதுசு போட்டா இனி கட் ஆவாது, நான் கேரண்டி" என்றார். காலையில் விட்ட வண்டியை மத்தியானமே எடுத்துக்கொள்ளச் சொன்னார். பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் தொகையை எழுதித் தந்தார்.

வண்டி உண்மையிலேயே கட் ஆகவில்லை. எந்த ஏற்றத்திலும் ஆகவில்லை. ஆனால் கொஞ்ச நாளில் கால் வைக்கிற பலகை செருப்பையும் தாண்டிச் சுட்டது. வீட்டுக்கு வந்து நிறுத்தினால் நகப்பூச்சு அழிக்கிற திரவம் போல, லேசாக இனிப்புக் கலந்த ஒரு வாடை. நான் வண்டிக்கடியில் ஏதாவது செத்துக் கிடக்கிறதோ என்றுகூடக் குனிந்து பார்த்தேன். மார்த்தாண்டத்தில் இன்வெர்ட்டர், யு.பி.எஸ். பழுது பார்க்கிற என் கொழுந்தன் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது அந்த வாடை பட்டதும் முகம் மாறிவிட்டது. "மைனி, இத இனி சார்ஜ்ல போடாதீங்க. வண்டிய வீட்டச் சாத்தி வைக்காதீங்க, முற்றத்துக்குத் தள்ளுங்க" என்றான்.

அவன் செய்த சோதனையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் முதல் பாதியைப் பெட்டியைத் திறக்காமல் நீங்களும் செய்து பார்க்கலாம். பல பி.எம்.எஸ். பலகைகளில் புளூடூத் உண்டு, போனில் அதற்கான ஆப் போட்டால் வோல்ட், கரண்ட், வெப்பநிலை எல்லாம் தெரியும். காலையில், ஓட்டாத வண்டியில் பார்த்தான்: 25 டிகிரி. அவனே பக்கத்து ஏற்றங்களில் நன்றாக ஏறி இறங்கிவிட்டு வந்து பார்த்தான்: அப்போதும் 25 டிகிரி. முற்றத்தில் வெயில் காய்கிற இரும்புக் கேட்டே அதைவிடச் சூடாக இருந்தது. பேட்டரிப் பெட்டியின் பக்கவாட்டில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன்மேல் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டினான். 58. (பளபளக்கிற உலோகத்தில் நேராகக் காட்டினால் அந்தக் கருவி குறைத்துக் காட்டுமாம், அதற்குத்தான் டேப்.) வெளிப்பெட்டியே 58 என்றால் உள்ளே நடுவில் இருக்கிற செல்களின் சூட்டை யோசித்துக்கொள்ளுங்கள்.

நன்றாக ஆறவிட்டு மறுநாள் திறந்தான். தயவுசெய்து இதை நீங்கள் செய்யாதீர்கள். 60 வோல்ட் பேக் என்று பேர், முழு சார்ஜில் 67 வோல்ட் இருக்கும். ஒரு ஸ்குரூ டிரைவர் வழுக்கி நிக்கல் பட்டைகளுக்குக் குறுக்கே விழுந்தால் போதும். அவன் கைக்கடிகாரம், மோதிரம் எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, முற்றத்தில்தான் திறந்தான்.

உள்ளே என்ன இருக்க வேண்டும் என்றால், பி.எம்.எஸ். பலகையிலிருந்து மெல்லிய இரட்டை வயர் ஒன்று ஓடி, அதன் நுனியில் மிளகு அளவுக்கு ஒரு தெர்மிஸ்டர் (சூட்டை அளக்கிற சென்சர் இதுதான்), செல்லோடு ஒட்டி டேப் போட்டிருக்க வேண்டும். பொதுவாகப் போடுகிற வகைக்கு 25 டிகிரியில் 10 கிலோ ஓம். சூடு ஏற ஏற மின்தடை இறங்கும், 60 டிகிரி வரும்போது கிட்டத்தட்ட 3 கிலோ ஓமுக்கு வந்துவிடும். அந்த இறக்கத்தை வைத்துத்தான் பி.எம்.எஸ். சூட்டைத் தெரிந்துகொண்டு, பெரும்பாலும் 60, 65 டிகிரியில் கரண்டை நிறுத்தும். என் பேக்கில் அந்த வயரைப் பாதியில் வெட்டி, பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு வளையம் போட்ட ஒரு சாதா ரெசிஸ்டரைப் பற்ற வைத்து டேப் சுற்றியிருந்தார்கள். அந்த வளையக் கணக்குக்கு 10 கிலோ ஓம். பேட்டரி கொதித்தாலும் பி.எம்.எஸ்.ஸுக்கு எப்போதும் 25 டிகிரி. வெட்டின தெர்மிஸ்டர் பழைய இடத்திலேயே செல்லில் ஒட்டிக்கொண்டிருந்தது, அதைக் களையக்கூட மெனக்கெடவில்லை.

புது பி.எம்.எஸ்.? அப்படி ஒன்றே கிடையாது. பழைய பலகைதான், கம்பெனி ஸ்டிக்கரில் பேக்கில் இருக்கிற அதே மாதமும் வருடமும், மேலே தூசி.

எனக்குக் கோபம் வந்தது இதற்குக்கூட இல்லை. அடுத்து கொழுந்தன் காட்டினானே, அதைப் பார்த்துத்தான். மூலையில் ஒரு வரிசைச் செல்களில் நிக்கல் பட்டையின் வெல்டிங் இரண்டு செல்களில் விட்டுப்போயிருந்தது. அந்த இரண்டும் வேலை செய்யாததால் அவற்றின் பங்கையும் பக்கத்துச் செல்கள் சுமந்திருக்கின்றன. மற்ற இடத்தில் நீல உறை நீலமாகவே இருக்க, அங்கே மட்டும் சுருங்கிப் பழுப்பாகிவிட்டது. ஒரு செல்லின் தலைப்பக்கம் ஈரம் கசிந்து காய்ந்த தடம். இனிப்பு வாடை அதுதான், உள்ளே இருக்கிற எலக்ட்ரோலைட். ஆக, முதலில் வண்டி கட் ஆனதற்குக் காரணம் இந்த மூலை. சென்சர் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது. பெட்டியைத் திறந்த ஆள் கண்ணுக்கு நேரே கோளாறு இருந்தும் அதைத் தொடாமல், கோளாறைச் சொன்ன வயரை வெட்டியிருக்கிறார்.

ஏற்றத்தில் மட்டும் ஏன் இப்படி என்று நான் கேட்டதற்குக் கிளாம்ப் மீட்டரில் அளந்த கணக்கைச் சொன்னான். சமதளத்தில் 15 ஆம்பியர் போல எடுத்தது, மகளோடு ஏறும்போது 40 ஆம்பியரை நெருங்கியது. கரண்ட் இரண்டு மடங்கானால் செல்லுக்குள் உண்டாகிற சூடு நான்கு மடங்கு. 15க்கும் 40க்கும் கணக்குப் போட்டால் ஏழு மடங்கு. அதனால் "நாகர்கோவில்ல என் சித்தப்பா அதே வண்டிதான் வச்சிருக்காரு, ஒண்ணும் ஆவல்ல" என்கிற பேச்சை நம்பாதீர்கள். வெளியே அடிக்கிற வெயில் இதில் சின்னப் பங்குதான். நம்மூரில் வேலூர், திருச்சி மாதிரி வெயிலும் கிடையாது.

கடலோரத்துக்காரர்களுக்கு வேறு தொல்லை. உப்புக்காற்றில் கனெக்டர் பின்கள் பச்சை பிடித்து, தொடுகிற இடத்தில் மின்தடை கூடி, அந்த இடம் மட்டும் உருகும். குளச்சல், முட்டம் பக்கத்து வண்டி என்றால் முதலில் கனெக்டரைத்தான் கழற்றிப் பார்ப்பேன் என்கிறான்.

சரி, கடைக்கு வருவோம். படங்களோடு போனேன். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "எக்கா, கட் ஆவக் கூடாதுன்னு சொன்னது நீங்கதானே? இப்போ ஆவல்லியே?" என்றார். புது பி.எம்.எஸ். எங்கே என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. அப்புறம் தன் தரப்புக்கு வலு சேர்ப்பதாக நினைத்து அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை இதை எழுத வைத்தது: "மலைப்பக்கம் ஓடுற வண்டி எல்லாத்துக்கும் இப்படித்தான் போட்டுக் குடுக்கோம், யாரும் ஒண்ணும் சொல்லல்ல."

எல்லா வண்டிக்கும்! குலசேகரம், திருவட்டாறு, பேச்சிப்பாறை பக்கத்தில் எத்தனை வீட்டுத் திண்ணையில் இந்த மாதிரிப் பேட்டரி ராத்திரி முழுக்கச் சார்ஜில் கிடக்கிறதோ. ஓட்டும்போது ஒரு ஆபத்து என்றால் சார்ஜ் போடும்போது இன்னொன்று. லித்தியம் செல் 45 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போது சார்ஜ் ஏற்றவே கூடாது. நல்ல பி.எம்.எஸ். அந்தச் சூட்டில் சார்ஜரை உள்ளே விடாது. ரெசிஸ்டர் வைத்த பி.எம்.எஸ். விட்டுவிடும். செல்லுக்குள் இரண்டு பக்கத்தையும் பிரித்து வைத்திருக்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாள் 130 டிகிரி அளவில் உருக ஆரம்பித்துவிட்டால், அப்புறம் சார்ஜரைப் பிடுங்கினாலும் நிற்காது, தன் சூட்டிலேயே அடுத்தடுத்த செல்லைப் பற்றவைத்துக்கொண்டே போகும். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் ராத்திரி சார்ஜில் கிடந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தகப்பனும் மகளும் இறந்துபோனார்கள். அந்த வருடம் பல ஊரிலும் ஸ்கூட்டர்கள் எரிந்த பிறகுதான் ஏ.ஐ.எஸ். 156 என்கிற பாதுகாப்பு விதியைத் திருத்தி, 2022 டிசம்பர் 1 முதலும் 2023 மார்ச் 31 முதலுமாக இரண்டு கட்டமாய்க் கொண்டுவந்தார்கள். அந்தச் சோதனையெல்லாம் கம்பெனியை விட்டு வெளியே வருகிற பேக்குக்குத்தான். ஒரு கடையில் திறந்து வயரை வெட்டிய பிறகு அந்த முத்திரைக்கு என்ன அர்த்தம் இருக்கிறது?

நீங்கள் செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. ஆப் வசதி இருந்தால் காலையில் ஒரு தடவை, நல்ல ஏற்றம் ஓட்டிவந்த கையோடு ஒரு தடவை வெப்பநிலையைப் பாருங்கள். அசையாமல் 25இலேயே நின்றால் அந்தப் பேட்டரியைச் சார்ஜ் போடாதீர்கள், வீட்டுக்குள்ளும் வைக்காதீர்கள். சில பேக்கில் இரண்டு மூன்று சென்சர் இருக்கும், ஒன்று மட்டும் அசையாமல் நின்றாலும் சந்தேகப்படுங்கள். ஆப் இல்லாதவர்கள் தெரிந்த எலக்ட்ரானிக்ஸ் ஆள் யாரிடமாவது காட்டுங்கள், வண்டி மெக்கானிக்காக இருக்க வேண்டும் என்றில்லை. பேட்டரியைக் கடையில் திறப்பதானால் உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள், கழற்றின பழைய பலகையைக் கையில் வாங்குங்கள். ஜி.எஸ்.டி. நம்பர் போட்ட பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். எந்த நாளும் ஏற்றம் ஏறிவந்த சூட்டோடு சார்ஜில் மாட்டாதீர்கள், பெட்டி தொட்டால் சுடாத அளவுக்கு ஆறட்டும். வீட்டு வாசலுக்கும் மாடிப்படிக்கும் பக்கத்தில் சார்ஜ் போடவே வேண்டாம், தீப்பிடித்தால் வெளியே ஓடுகிற வழி அதுதான்.

வாரண்டி விஷயத்தையும் சொல்ல வேண்டும். காகிதப்படி என் பேட்டரிக்கு இன்னும் வாரண்டி இருந்தது. படங்களைப் பார்த்த கம்பெனிக்காரர்கள், சீல் உடைந்திருக்கிறது, எங்கள் பொறுப்பில்லை என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்கள். வெல்டிங் விட்டது அவர்கள் தொழிற்சாலைக் குறை என்பது பற்றி அந்த மின்னஞ்சலில் ஒரு சொல் இல்லை. திறந்தவனும் தப்பித்தான், செய்தவனும் தப்பித்தான்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்திருக்கிறேன். நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கும் மனு கொடுத்தாயிற்று. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், வக்கீல் வைத்துத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. விசிட்டிங் கார்டின் பின்பக்கம் எழுதித் தந்தாரே, அதையும் பணம் அனுப்பிய யு.பி.ஐ. ரசீதையும் இணைத்திருக்கிறேன். மனு போனது தெரிந்ததும் கடைக்காரர் பாதிப் பணத்தைத் திருப்பித் தருகிறேன், வாபஸ் வாங்குங்கள் என்று ஆள் விட்டுப் பார்த்தார். முதலில் இதுவரை வயர் வெட்டிக் கொடுத்த எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லட்டும், அப்புறம் பேசலாம் என்று சொல்லி அனுப்பினேன். இன்னும் யாரையும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை.

கசிந்த பேக் இப்போது வீட்டிலிருந்து தள்ளி, ரப்பர் புகைக்கூடம் இருந்த பழைய இடத்தில் மணல் நிரப்பின தொட்டிக்குள் இருக்கிறது. ஆக்கர் கடைக்காரரிடம் (பழைய இரும்பு, பிளாஸ்டிக் வாங்குகிறவர்) கொடுத்துவிடலாம் என்று பக்கத்து வீட்டில் யோசனை சொன்னார்கள். அவர் அதைச் சுத்தியலால் உடைப்பார், வேண்டாம் என்றேன். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கிற பொறுப்பு தயாரித்த கம்பெனிக்குத்தான். கேட்டால் மறுபடி அதே பாட்டு, திருநெல்வேலிக்குக் கொண்டுவாங்க என்கிறார்கள். கசிந்த பேட்டரியை எந்த பஸ்ஸில் ஏற்றுவது? வந்து எடுத்துக்கொண்டு போகச் சொல்லிப் பதிவுத் தபாலில் எழுதி, அதன் நகலையும் ஆணையத்தில் கொடுத்திருக்கிறேன்.