ஒற்றை அச்சு ட்ரெய்லர்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் சிறிய ட்ரெய்லர் ஒன்றைப் பல வருடங்களாக வைத்திருக்கிறேன். ஒற்றை அச்சு, தனி பிரேக் கிடையாது, சுமையோடு சேர்த்து 750 கிலோ வரை தாங்கும். மரச்சாமான், மணல், வெட்டிய கிளைகள் என்று எதை ஏற்றினாலும் சட்டம் அசரவில்லை, வெல்டிங்கும் விடவில்லை. தொல்லை கொடுத்ததெல்லாம் விளக்குகள்தான். அதிலும் பெரும்பாலும் ஒரே ஒரு வயர்: வெள்ளை எர்த் வயர்.

எர்த் போனால் விளக்கு அணைந்துவிடும் என்றுதான் நினைப்போம். அணைந்தால் பரவாயில்லை, கண்டுபிடிப்பது சுலபம். ஆனால் வலது இண்டிகேட்டர் போட்டால் இடது பார்க்கிங் விளக்கும் சேர்ந்து மினுக்கும். பிரேக்கை மிதித்தால் எல்லாமே மங்கும். பேட்டரிக்குத் திரும்ப நல்ல வழி இல்லாததால் மின்னோட்டம் பக்கத்து பல்பின் இழைக்குள் புகுந்து சுற்றி வருகிறது. இதைப் பார்த்ததும் பல்பை மாற்றுவது, ஃப்யூஸைக் கழற்றுவது எல்லாம் வெட்டி வேலை. நீளமான வயர் ஒன்றை பேட்டரி நெகட்டிவிலிருந்து இழுத்து, விளக்கின் எர்த் முனையில் தொட்டுப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் கோளாறு எர்த்தில்தான்.

என் ட்ரெய்லரில் அந்த வயர் முன்பக்கக் கம்பத்தில் ஒரு சிறு போல்ட்டில் முடிகிறது. வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. லேசாக இழுத்ததும் லக் (போல்ட்டில் மாட்ட வயர் நுனியில் அழுத்தியிருக்கும் உலோக வளையம்) கையோடு வந்துவிட்டது. உள்ளே செம்பு இழைகள் கறுத்து, நுனியில் பச்சை பூத்திருந்தது. உறையை உரிக்க உரிக்க ஒரு சாண் தூரத்துக்குக் கறுப்புதான். தண்ணீர் இழைகளின் ஊடே ஏறிப் போயிருக்கிறது. அவ்வளவையும் வெட்டி எறிந்து புது லக் அழுத்தி, உள்ளே பசை தடவிய சுருங்கும் குழாயைச் சூடாக்கிப் போட்டேன். போல்ட் உட்காரும் இடத்தில் வெறும் இரும்பு தெரியும்வரை பெயிண்டைச் சுரண்டி, முடுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசினேன். அதற்கப்புறம் அந்த இடம் வாலாட்டவில்லை. வயரை வெட்டாமலே கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள் இருக்கின்றனவே, சக்கரம் சேறடிக்கும் இடத்துக்கு அவை லாயக்கில்லை என்பது என் கட்சி.

சோதிக்க மல்டிமீட்டரை விடச் சாதாரண டெஸ்ட் லாம்ப்பே (வயரில் தொட்டு எரிகிறதா என்று பார்க்கும் பல்பு) எனக்கு அதிகம் உழைத்திருக்கிறது. பத்து இழையில் ஒன்பது அறுந்தாலும் மீட்டர் 12 வோல்ட் என்று அழகாகக் காட்டும், ஏனென்றால் அது கிட்டத்தட்ட மின்னோட்டமே எடுப்பதில்லை. 21 வாட் பிரேக் பல்பு சுமார் 1.75 ஆம்பியர் கேட்கும். நைந்த வயரின் குட்டு அங்கேதான் வெளிப்படும். மீட்டரைத்தான் எடுப்பேன் என்றால், விளக்கை எரியவிட்டு, விளக்கின் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. ஒன்று, இரண்டு என்று காட்டினால் வழியில் எங்கோ அரித்திருக்கிறது.

நான்கு வயர் தட்டை பிளக்கிலும் ஏழு பின் வட்ட பிளக்கிலும் மஞ்சள் வயர் இடது இண்டிகேட்டருக்கு, பச்சை வலதுக்கு, வெள்ளை எர்த். கைமாறி வந்த ட்ரெய்லரில் மட்டும் நிறத்தை நம்பாதீர்கள்; கிடைத்த வயரைப் போட்டு ஒட்டியிருப்பார்கள்.

பின்னர் விளக்குகளை எல்இடிக்கு மாற்றினேன். அதிர்வில் இழை அறுகிற தொல்லை ஒழிந்தது. ஆனால் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சில கார்கள் பல்பு போய்விட்டதாக எச்சரிக்கும், இண்டிகேட்டர் படபடவென்று அடிக்கும். அதற்கென்று வரும் மாட்யூல் ஒன்றை இடையில் சேர்க்க வேண்டியிருந்தது. இன்னொன்று, சுமாரான வயரிலும் எல்இடி ஒளிர்ந்துவிடும். அரிப்பு உள்ளே வளர்வது தெரியாது.

விளக்கு எரிந்தால் மட்டும் போதாது, சுமை எங்கே உட்கார்கிறது என்பதுதான் உயிர் விஷயம். கனமானவை அச்சுக்குச் சற்று முன்னால் வர வேண்டும். கப்ளிங்கில், அதாவது ட்ரெய்லர் காரோடு மாட்டும் பூட்டில், இறங்கும் எடை மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இருக்கட்டும் என்பது அமெரிக்க வழக்கம். ஐரோப்பாவில் இதைவிடக் குறைவு. எதுவானாலும் கார் கையேட்டில் உள்ள வரம்பைத் தாண்டக் கூடாது. பின்னால் கனம் கூடினால் வேகம் எடுத்ததும் ட்ரெய்லர் இடவலமாக ஆட ஆரம்பிக்கும். அப்போது ஸ்டியரிங்கைத் திருப்பிச் சமாளிக்கப் பார்ப்பதும் பிரேக்கை அமுக்குவதும் ஆபத்து. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் தானாக இறங்கும்.

மாட்டியதும் முன் ஜாக்கைச் சுற்றிக் கப்ளிங்கை மேலே தூக்கிப் பார்ப்பது என் வழக்கம். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் பூட்டு சரியாக விழுந்திருக்கிறது. பாதுகாப்புச் சங்கிலிகளை அடியில் குறுக்காகப் போட வேண்டும். கப்ளிங் கழன்றாலும் கம்பம் தரையில் குத்தாமல் சங்கிலிகளின்மேல் விழும்.

டயரைப் பொறுத்தவரை பட்டன் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடுகிறது, ட்ரெய்லர் நிற்கிற நேரம்தானே அதிகம். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். என் டயர்களில் பட்டன் இன்னும் ஆழமாகவே இருக்கிறது, ஆனால் பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் தெரிகின்றன. அடுத்த செலவு அதற்குத்தான்.