பாஸ் என்கிற பாஸ்கரன்: நீங்க பாஸ்கரனா, அண்ணனா, நல்லதம்பியா?

2010ல வந்த படத்துக்கு இப்ப எதுக்குடா விமர்சனம்னு கேப்பீங்க, டிவில அத்தன தடவ போட்டாச்சு, மீம்ல அத்தன தடவ பாத்தாச்சு. ஆனா எங்க சொந்தத்துல இந்த படத்துக்கு இன்னும் சண்ட ஓடிட்டு இருக்கு. பாலக்கோட்டுல ஒரு காதுகுத்துக்கு மொத நாள் நைட்டு எல்லாரும் ஹால்ல பாய் போட்டு உக்காந்து பாத்தோம், பாதிப் பேரு வயித்த புடிச்சிட்டு சிரிக்கறாங்க, மீதிப் பேரு மூஞ்ச தூக்கி வெச்சிட்டு இதுல என்ன இருக்குன்னு கேக்கறாங்க. எனக்கு படம் புடிக்கும், அத மொதல்லயே சொல்லிடறேன், நடுநிலை எல்லாம் எங்கிட்ட எதிர்பாக்காதீங்க.

கதை தெரியாதவங்க யாராச்சும் இருந்தா அவங்களுக்காக. கும்பகோணத்துல பாஸ்கரனா ஆர்யா, டிகிரி முடிக்கல, இங்கிலீஷ் அரியர் இழுத்துட்டே கெடக்கு, அண்ணன் மாட்டு டாக்டர், அவரு சம்பாத்தியத்துல தம்பி சோறு தின்னுட்டு ஊர் சுத்தறான். எக்ஸாம்ல பிட் அடிக்கப் போயி சூப்பர்வைசரா வந்த நயன்தாராகிட்ட மாட்டறான், அந்தப் பொண்ணு மேலயே லவ்வாயிடுது, அந்தப் பொண்ணு கூடப்பொறந்தவளதான் அண்ணனுக்கும் பேசி முடிக்கறாங்க. சரி அப்படியே எனக்கும் முடிச்சு வைங்கன்னு இவன் கேக்க, வேல வெட்டி இல்லாதவனுக்கு கல்யாணம் ஒரு கேடான்னு வீட்ல கேக்க, ரோஷம் வந்து வெளிய போயி சலூன் கடை வெச்சிருக்கற ஃப்ரெண்டு நல்லதம்பிய, அதான் நம்ம சந்தானத்த, கூட்டு சேத்துகிட்டு டுட்டோரியல் ஆரம்பிக்கறான். அவ்ளோதான் கதை, ஒரு டீ குடிக்கற நேரத்துல சொல்லிடலாம்.

இப்ப யாரு சிரிச்சாங்க யாரு சிரிக்கலன்னு பாத்தா ஒரு விஷயம் நல்லா தெரியுது. அரியர் வெச்சிருந்தவன், அரியர் வெச்சிருக்கறவன், வேல தேடறேன்னு சொல்லிட்டு வண்டிக்கு பெட்ரோல் காசு வீட்ல கேக்கறவன், இவனுங்க எல்லாம் மொத சீன்ல இருந்தே சிரிப்பு. அந்த பெட்ரோல் காச குடுக்கறவங்க யாரும் வாயத் தொறக்கல. எங்க பெரியம்மா பையன் ஒருத்தரு ஓசூர் சிப்காட்ல ஷிப்ட்டு வேல, தம்பிய இஞ்சினியரிங் படிக்க வெச்சதே அவருதான், அவரு இண்டர்வெல் நேரத்துல சொன்னாரு பாருங்க, "டேய் இந்த படத்துல உருப்படியான ஆளு அந்த அண்ணன்தாண்டா, அவனுக்கு ஒரு குத்துப்பாட்டு கூட குடுக்கல". அண்ணனா நடிச்ச சுப்பு பஞ்சுவ சொல்றாரு. எல்லாரும் சிரிச்சோம், அவரு தம்பி மட்டும் போன நோண்டிட்டு இருந்தான்.

அவரு சொல்றதுல நியாயம் இருக்குங்க. படம் முழுக்க தம்பி பக்கமே நின்னு எடுத்திருக்காங்க, அண்ணன் திட்டுனா அது வில்லன் பேச்சு மாதிரி தெரியும், லட்சுமி ராமகிருஷ்ணன் அம்மாவா வந்து வருத்தப்படறது கூட இவனுக்கு ரோஷம் வரவெக்கதான் ஒதவுது. ஆனா அதுக்காக படமே குப்பைன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன், ஏன்னா இந்த படத்த தூக்கிப் புடிக்கறது ஹீரோ இல்ல, நல்லதம்பி.

சந்தானத்த நாமெல்லாம் லொள்ளு சபா காலத்துல இருந்து பாக்கறோம், 2004ல மன்மதன்ல சிம்பு சினிமாவுக்கு கூட்டிட்டு வந்தாரு, அதுக்கப்புறம் எத்தனையோ படத்துல ஃப்ரெண்டா வந்தாச்சு. பொதுவா அந்த ஃப்ரெண்டு வேலைன்னா ஹீரோ பின்னாடி நின்னு மச்சி சூப்பர்டான்னு சொல்லணும், லவ் லெட்டர் கொண்டு போயி குடுக்கணும், அடி வாங்கணும். இதுல நல்லதம்பிக்குன்னு ஒரு கடை இருக்கு, பொழப்பு இருக்கு, இவனால அது கெட்டுப்போகுதுன்னு கோவமும் இருக்கு, அந்தக் கோவம்தான் காமெடியே. ஆர்யா பாட்டுக்கு ஒரு கிறுக்குத்தனத்த சீரியஸா சொல்லிட்டு நிப்பாரு, மூஞ்சில ஒரு அசைவு இருக்காது, அது முடியறதுக்குள்ள பக்கத்துல இருந்து கீழ்க்குரல்ல ஒரு கவுண்ட்டர் வரும், அத காதுலயே வாங்காத மாதிரி ஆர்யா அடுத்த டயலாக்குக்கு போயிடுவாரு. அந்த கவனிக்காத மாதிரி போறது ரொம்ப முக்கியம். ஹீரோ நின்னு சிரிச்சிருந்தா பாதி ஜோக் செத்திருக்கும். ஆர்யாவுக்கு நடிப்பே வராதுன்னு சொல்றவங்க இத கொஞ்சம் கவனிச்சு பாருங்க.

பேரிகை பக்கம் எங்க மச்சான் ஒருத்தரு, வீட்ல தெலுங்குதான் பேசுவாங்க, அவரு இத மொதல்ல பாத்தது தெலுங்கு டப்பிங்ல, நேனே அம்பானின்னு பேரு. என்னடா இது சுமாரான படத்துக்கு இவ்ளோ அலப்பறைன்னு நெனச்சிருக்காரு. அன்னிக்கு தமிழ்ல பாத்துட்டு, "ஆளு அதே ஆளுதான் மாமா, குரல் இல்லன்னா பாதி படம் இல்ல"ன்னாரு. கரெக்ட். அந்த இழுவை, நண்பேன்டான்னு சொல்லும்போது அதுல இருக்கற பாசமும் வயித்தெரிச்சலும், அத எவனும் டப் பண்ண முடியாது. அந்த ஒத்த வார்த்தைய டைட்டிலா வெச்சு 2015ல உதயநிதி, சந்தானம், நயன்தாரான்னு தனியா ஒரு படமே வந்துச்சுன்னா பாத்துக்கோங்க.

தர்மபுரில நான் முடி வெட்டற கடைக்காரண்ணன்கிட்டயும் இந்த படத்த பத்தி கேட்டேன், அந்த தொழில்காரர் கருத்து வேணும்ல. அவருக்கு கொஞ்சம் கோவம், கொஞ்சம் சந்தோஷம். கோவம் என்னன்னா கடைய பூட்டிட்டு ஃப்ரெண்டு பின்னாடி ஓடறவன் வாடகை எப்படி கட்டுவான்னு யாரும் கேக்கல. சந்தோஷம் என்னன்னா கடைக்கு தல தளபதி சலூன்னு பேர் வெச்சது. "ஒருத்தர் பேர மட்டும் வெச்சிருந்தா மத்தவரு ஃபேன்ஸ் படி ஏற மாட்டான் தம்பி, இது யாவாரம் தெரிஞ்சவன் வெச்ச பேரு"ன்னாரு. சொல்லிட்டே பெஞ்சுல ஓசில பேப்பர் படிச்சிட்டு இருந்த அவரு ஃப்ரெண்ட ஒரு பார்வை பாத்தாரு, அவரு பேப்பர திருப்பிகிட்டாரு.

இப்ப கொற. கிருஷ்ணகிரில காலேஜ் படிக்கற எங்க அக்கா பொண்ணு பாட்டு வந்தப்பவே எழுந்து போயிட்டா. "அந்தப் பொண்ணு வேணாம்னு சொல்லிட்டே இருக்கு, இவன் பின்னாடியே சுத்தறான், கடைசில அதுக்கே லவ் வருது, எப்படி மாமா வரும்?" எனக்கு பதில் இல்ல. 2010ல இத எவனும் கேள்வி கேக்கல, இப்ப பாக்கும்போது எனக்கே நெருடுது. லெக்சரர் வேலைல இருக்கற பொண்ணு, நயன்தாரா அழகா பண்ணியிருக்காங்க, ஆனா அவங்க பண்ண சந்திரிகாவுக்கு பாஸ்கரன் மேல ஏன் புடிப்பு வந்துச்சுன்னு டைரக்டர் ராஜேஷ் ஒரு சீன் கூட உருப்படியா எழுதல. சந்தானம் இல்லாத லவ் சீனெல்லாம் கொழம்பு ஊத்தாத களி, முழுங்கவும் முடியல துப்பவும் முடியல. அப்புறம் ஷகிலா வர்ற எடத்துல எங்க சித்தப்பா ரிமோட்ட தேட ஆரம்பிச்சிட்டாரு. பெரியவங்களோட பாக்கறவங்க அந்த நேரம் தண்ணி குடிக்கப் போயிடுங்க.

டுட்டோரியல் பகுதிதான் எனக்கு பெரிய ஏமாத்தம். ஐடியா தங்கமான ஐடியா, அரியரே க்ளியர் பண்ணாதவன் பத்தாவது பெயிலான பசங்களுக்கு பாடம் எடுக்க கெளம்பறான், இதுல எவ்ளோ காமெடி இருக்கு. எங்க ஊர்ப்பக்கம் இந்த மாதிரி எடத்துல படிச்சு எழுந்தவங்க நெறைய பேரு, கணக்கு பேப்பர் ஒண்ணுக்காக வருசக்கணக்கா அலைஞ்சவங்கள நான் பாத்திருக்கேன். படத்துல அத அவசர அவசரமா ஓட்டிட்டாங்க. டீச்சரா இருக்கற எங்க சித்தி, "இவ்ளோ சுளுவா பாஸ் பண்ண வெக்கலாம்னா எங்களுக்கு எதுக்குடா லீவு நாள்ல ஸ்பெஷல் கிளாஸ்"னு கேட்டாங்க.

ஆனா அந்த பகுதிய காப்பாத்தறது மொட்ட ராஜேந்திரன். வட்டிக்கு விடறவரா வந்து, என் பையன பத்தாவது பாஸ் பண்ண வெச்சா காசு, இல்லன்னா கத வேறன்னு நிக்கறாரு. ஒரு வருசம் முன்னாடி 2009ல நான் கடவுள்ல இதே ஆர்யாவுக்கு எதிர்ல பாத்தா கொல நடுங்கற வில்லன். அந்த மொட்டத்தலையும் கரகர குரலும் அப்படியே இருக்கு, எதையும் மாத்தல, ஆனா இங்க அதே குரல் புள்ளையோட மார்க்குக்காக கவலைப்படுது, சிரிப்பு வந்துடுது. அதுக்கப்புறம் அவர வில்லனா பாத்து பயப்பட நம்மால முடிஞ்சுதா சொல்லுங்க. கிளைமாக்ஸ்ல ஜீவா வந்து நிக்கறது, அவரு ஹீரோவா நடிச்ச ராஜேஷோட மொத படம் சிவா மனசுல சக்தி பாத்தவங்களுக்கு டபுள் சந்தோஷம், பாக்காதவங்க யார்றா இவன்னு முழிப்பாங்க, எங்க அத்த முழிச்சாங்க.

பாட்டு யுவன், வரிகள் நா.முத்துக்குமார், ஹரிசரண் பாடுன யார் இந்தப் பெண்தான் இன்னும் பஸ்ல ஓடுனா வால்யூம் ஏத்த சொல்லுவேன், மத்தது அந்தந்த எடத்துல வந்து போகுது.

இதுல ஜெயிச்ச ஃபார்முலாவ ராஜேஷ் 2012ல ஒரு கல் ஒரு கண்ணாடில உதயநிதிய வெச்சு பண்ணப்பவும் ஓடுச்சு, 2013 தீபாவளிக்கு கார்த்திய வெச்சு ஆல் இன் ஆல் அழகுராஜா பண்ணப்ப படுத்துடுச்சு. 2015ல இதே ஆர்யா சந்தானம் ஜோடிய திரும்ப கொண்டு வந்து வாசுவும் சரவணனும் ஒண்ணா படிச்சவங்க எடுத்தாரு, ரெண்டு பேரும் இருந்தும் எனக்கு சிரிப்பு வரல, ஏன்னா அதுல இழக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, வீட்ட விட்டு வெளிய வந்தவனோட ரோஷம் இல்ல, கடை போயிடுமேங்கற பயம் இல்ல, வெறும் ரெண்டு பேரு பேசிட்டே இருக்காங்க. நெஜத்துல மட்டும் அந்த நட்பு ஓடிட்டுதான் இருக்கு, 2025ல சந்தானம் ஹீரோவா நடிச்ச டிடி நெக்ஸ்ட் லெவல் படத்துக்கு காசு போட்டது ஆர்யாதான்.

என் மார்க்கு அஞ்சுக்கு மூணரை, அதுல ரெண்டரை சந்தானத்துக்கு. பாக்காதவங்க தாராளமா பாக்கலாம், மொத பாதி நிக்காம ஓடும், ரெண்டாவது பாதில பாட்ட தள்ளிவிட்டு பாத்தா போதும். வீட்ல அரியர் வெச்ச பையன் இருந்தா மட்டும் அவங்க அப்பா தூங்குனப்புறம் போடுங்க.