பேக்டெக் பீட்ஸ் பிளஸ்: பச்சிளங்குழந்தை ரத்த கல்ச்சர் பாட்டில் எப்படி?

பிறந்த குழந்தையின் இதய வால்வில் கிருமித்தொற்று என்று எக்கோவை (இதய ஸ்கேனை) மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. வலது மேலறையில் ஆடும் கட்டி, தொப்புள்வழியே செலுத்தும் கதீட்டர் என்ற மெல்லிய குழாயின் நுனியில் உறைந்த வெறும் ரத்தமாகவும் இருக்கலாம். எந்தக் கிருமி, எந்த மருந்து என்பதைச் சொல்வது ரத்த கல்ச்சர்தான் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை). அதற்காக என்.ஐ.சி.யு.க்களில் (பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில்) புழங்கும் பாட்டில் இது.

உள்ளே 40 மி.லி. வளர்ப்புத் திரவம். 1 முதல் 3 மி.லி. ரத்தத்துக்கென வடிவமைக்கப்பட்டது, பெரியவர்கள் பாட்டிலுக்கு 8–10 மி.லி. வேண்டும். அரை மில்லியையும் ஏற்கும்தான். ஆனால் அதோடு நிறுத்தினால் நெகட்டிவ் ரிப்போர்ட்டை நம்ப முடியாது. ஒரு கிலோ எடையுள்ள குழந்தைக்கு மொத்த ரத்தமே 80–90 மி.லி.; அதில் ஒரு மில்லி எடுப்பது தாங்கும். வால்வுத் தொற்றில் கிருமி ரத்தத்தில் தொடர்ந்து கசிவதால், காய்ச்சலுக்குக் காத்திருக்கவும் வேண்டாம்.

உள்ளே இருக்கும் ரெசின் (பிசின்) மணிகள்தான் இதன் பலம். ஏற்கெனவே ஆன்டிபயாடிக் ஏறியிருந்தால், ரத்தத்தோடு வரும் மருந்தை அவை பிடித்துவைக்கும். எல்லா மருந்தையும் ஒரே அளவில் அல்ல. முடிந்தவரை முதல் டோஸுக்கு முன்பே எடுப்பது நல்லது. கேண்டிடா என்ற பூஞ்சையும் இதில் வளரும்.

பாட்டிலைவிட எடுக்கும் கைதான் அதிகம் சொதப்பும். ரப்பர் மூடியை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடாமல் குத்துவது, முதலில் மற்ற குழாய்களை நிரப்பிவிட்டு மிச்சத்தை இதில் விடுவது, பார்கோடு மேல் பெயர்ச்சீட்டு ஒட்டுவது எல்லாம் வழக்கமான தவறுகள். ஒரே ஒரு பாட்டிலில் தோலில் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியா வந்தால் அசுத்தமா, நோயா என்று பிரிக்க முடியாது. ஆகவே இரண்டு இடங்களில் எடுக்க வேண்டும். கதீட்டர் வழி எடுத்த பாட்டில், கை ரத்தநாளத்தில் எடுத்த பாட்டிலைவிட 2 மணி நேரம் முந்தி வளர்ச்சியைக் காட்டினால் சந்தேகம் கதீட்டர் மேல். இரண்டிலும் ஒரே அளவு ரத்தம் இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும்.

கல்ச்சர் பாசிட்டிவாக வந்தால் கதீட்டரைக் கழற்றிவிட்டு, 24–48 மணிக்கு ஒருமுறை புதுப் பாட்டில். வழக்கமான 4–6 வாரச் சிகிச்சையின் முதல் நாள் மருந்து தொடங்கிய நாள் அல்ல, கல்ச்சர் முதலில் நெகட்டிவ் ஆன நாள். பட்ஜெட் போடும்போது ஒரு குழந்தைக்கு இரண்டு பாட்டில் என்று கணக்கிடுவது போதாது.

குறை? பாட்டிலை வைத்து வளர்ச்சியைக் கண்டறியும், அதற்குரிய மெஷின் வேண்டும். லேப் பூட்டியிருந்தால் அறை வெப்பத்திலேயே வைக்கலாம், ஃபிரிட்ஜில் வைக்கக்கூடாது; ஆனால் மணிக்கணக்கில் தாமதித்தால் வளர்ச்சியின் தொடக்கத்தை மெஷின் தவறவிடும்.