ஒரே கொலை, மூன்று கணவர்கள்: எந்தப் பதிப்பை முதலில் பார்ப்பது?

சாலையோரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. வயதான முதலாளி, அவருடைய இளம் மனைவி, வேலை கேட்டு வந்து நிற்கும் ஒரு நாடோடி. ஜேம்ஸ் எம். கெய்ன் 1934இல் எழுதிய ‘தி போஸ்ட்மேன் ஆல்வேஸ் ரிங்ஸ் ட்வைஸ்’ (தபால்காரர் எப்போதும் இருமுறை மணியடிப்பார்) நாவலுக்கு இந்த மூவர் போதும். 1939இல் பிரான்சில் பியர் ஷெனால் இதை முதன்முதலாகப் படமாக்கினார். இன்று பார்க்க உட்காருபவர் தேர்ந்தெடுக்க வேண்டியது பெரும்பாலும் வேறு மூன்றிலிருந்துதான்: லுக்கினோ விஸ்கோந்தியின் ‘ஒஸ்ஸெஸ்ஸியோனே’ (1943, சுமார் 140 நிமிடம்), டே கார்னெட் இயக்கிய எம்.ஜி.எம். படம் (1946, 113 நிமிடம்), பாப் ராஃபெல்சனின் வண்ணப் படம் (1981, இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்). ஒப்பிடும்போது முடிவுகளையும் சொல்லியாக வேண்டும். கதை தெரியாமல் பார்க்க விரும்புபவர்கள் படத்தை முடித்துவிட்டு வாருங்கள்.

மூன்றையும் எடைபோட, சாகப்போகிற கணவனைக் கவனித்தாலே போதும்.

நாவலில் அவன் நிக் பாப்பதாகிஸ் என்ற கிரேக்கன். அவன்மேல் மனைவி கோராவுக்கு இருக்கும் அருவருப்பில் இனவெறுப்பும் கலந்திருக்கிறது. 1946 படம் அவனை நிக் ஸ்மித் ஆக்கி, நடிகர் செசில் கெல்லவேயிடம் கொடுத்துவிட்டது. குடித்துவிட்டு கிதார் வாசிக்கும், யாரையும் சந்தேகிக்காத ஓர் அப்பாவிக் கிழவன். அருவருப்பு போய்விட்டதால் கொல்வதற்கு வேறு காரணம் தேவைப்படுகிறது. திரைக்கதை அதை இரண்டு படியாகக் கட்டுகிறது. லானா டர்னரின் கோராவுக்கு ‘ட்வின் ஓக்ஸ்’ கடையைப் பெரிதாக்கி, தானும் ஓர் ஆளாக வேண்டும் என்ற வெறி. அந்த நேரத்தில், கடையை விற்றுவிட்டுக் கனடாவில் நோயாளித் தங்கையோடு போய் இருக்கலாம் என்று நிக் அறிவிக்கிறான். கோரா அங்கே போய்ச் செவிலி வேலை பார்க்க வேண்டும். ஒருமுறை தோற்றுப்போன கொலைத் திட்டத்தை அந்த அறிவிப்புதான் திரும்பக் கிளப்புகிறது. இந்தப் பூட்டு கச்சிதமாக விழுகிறது. ஆனால் கெல்லவே அளவுக்கு மீறி விளையாட்டுத்தனமாக இருப்பதால், அவன் செத்தபின் நமக்கு வலிப்பதில்லை. அது இந்தப் படத்தின் மெய்யான குறை.

விஸ்கோந்தி அங்கேதான் ஜெயிக்கிறார். இத்தாலியின் போ ஆற்றங்கரை உணவகத்தை நடத்தும் கணவன் பிராகானா பருத்தவன், மனைவியை அதட்டுபவன். ஆனால் ஓப்பரா என்றால் உயிர். அன்கோனா நகரத்துப் பாட்டுப் போட்டியில் அவன் வெர்டியின் ‘லா திராவியாத்தா’விலிருந்து, மகனை வீட்டுக்குத் திரும்பச் சொல்லித் தந்தை பாடும் பாட்டைப் பாடுகிறான். கூட்டத்தில் அவன் மனைவி ஜொவான்னாவும், ஓடிப்போய் மறுபடி அகப்பட்ட அவளுடைய காதலன், நாடோடி ஜீனோவும் உட்கார்ந்திருக்கிறார்கள். பாட்டு முடிந்ததும் பிராகானாவே ஜீனோவை வற்புறுத்தி வீட்டுக்கு அழைக்கிறான். திரும்பும் வழியில் அவன் கொல்லப்படுகிறான். கொலையை விஸ்கோந்தி காட்டவே இல்லை. அதன் பிறகு நடக்கும் விசாரணையைத்தான் காட்டுகிறார். அந்தக் குரலைக் கேட்டபின் கொலையைக் காட்டத் தேவையும் இல்லை.

கொலையின் நுட்பம் என்று பார்த்தால் 1946தான் கை ஓங்கி நிற்கிறது. முதல் முயற்சி: நிக் குளியல் தொட்டியில், கோரா உள்ளே, ஏணியோடு வெளியே காவல் நிற்கும் நாடோடி ஃபிராங்க். மோட்டார் சைக்கிள் போலீஸ்காரர் வந்து பேச்சுக் கொடுக்கிறார், ஏணியில் ஏறிய பூனை மின்கம்பியைத் தொட்டுச் சாக, விளக்குகள் அணைகின்றன, திட்டம் சிதறுகிறது. இரண்டாம் முயற்சி காரில். போதையில் நிக் மலையைப் பார்த்துப் பாடி, எதிரொலியை ரசிக்கிறான். ஃபிராங்கின் பாட்டில் தலையில் விழுகிறது. ஆள் செத்தபின் அவன் குரல் மட்டும் மலையிலிருந்து திரும்பி வருகிறது. நுவார் எனப்படும் இருண்ட குற்றப்பட வகையில் ஒலியை இவ்வளவு கொடூரமாகப் பயன்படுத்திய காட்சிகள் சிலவே. பிறகு காரைப் பள்ளத்தில் தள்ளும்போது ஃபிராங்கும் சேர்ந்து விழுகிறான். பின்தொடர்ந்து வந்த அரசு வழக்கறிஞர் சாக்கெட் உடனே வந்து நிற்கிறார்.

அங்கிருந்து படம் நீதிமன்றத்துக்குப் போகிறது. சாக்கெட் ஃபிராங்கை மிரட்டி, கோராவுக்கு எதிரான புகாரில் கையெழுத்து வாங்குகிறார். ஆத்திரத்தில் கோரா முழு வாக்குமூலம் கொடுக்க, அவளுடைய வக்கீல் கீட்ஸ் அதை எழுத வைத்தது தன் ஆளிடம்! காகிதம் அரசு கையில் சேரவில்லை. குறைந்த குற்றத்தை ஒப்புக்கொண்டு அவள் சிறைக்குப் போகாமல் வெளியே வருகிறாள். ஹியூம் க்ரோனினின் கீட்ஸ் இந்தப் பகுதியைத் தனியாகத் தாங்குகிறார். இரண்டாம் பாதி இழுப்பதாகச் சிலர் சொல்வதுண்டு. அந்த வாக்குமூலக் காகிதம் யார் கையில் இருக்கிறது என்பதைத் தொடர்ந்து கவனித்தால் அப்படித் தோன்றாது. பின்னால் வரும் மிரட்டல் அதிலிருந்துதான் கிளம்புகிறது.

விஸ்கோந்தி படத்தில் இந்தச் சட்டச் சதுரங்கம் கிடையாது. அதற்குப் பதிலாகச் சந்தேகம் உள்ளேயே அரிக்கிறது. காப்பீட்டுப் பணம் வந்ததும், தன்னைக் கருவியாக்கிவிட்டாளோ என்று ஜீனோ உடைகிறான். நாவலில் இல்லாத ‘ஸ்பானியன்’ என்ற ஊர்சுற்றியும் இருக்கிறான். காசில்லாத ஜீனோவுக்கு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்து, வீடு வாசல் இல்லாத இன்னொரு வாழ்க்கையைக் காட்டுபவன். காதல் போட்டியில் அவனும் ஒரு பக்கம் என்றே படுகிறது.

1981 படம் கணவனுக்குக் கிரேக்கப் பெயரைத் திருப்பித் தந்தது. ஜான் கொலிகோஸ் நன்றாகவே செய்கிறார், ஸ்வென் நிக்விஸ்டின் ஒளிப்பதிவு அழகு. ஆனால் டேவிட் மாமெட்டின் திரைக்கதை கோரா சாகும் கடைசிக் கார் விபத்திலேயே நின்றுவிடுகிறது. தலைப்பின் பொருளே, செய்த கொலைக்குத் தப்பியவன் செய்யாத கொலைக்குத் தண்டனை பெறுவதில் இருக்கிறது. 1946இல் ஃபிராங்க் மரண தண்டனைக்குக் காத்திருந்து அதைச் சொல்கிறான். அதை வெட்டினால் தபால்காரர் ஒருமுறைதான் மணியடிக்கிறார்.

பிரதி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. விஸ்கோந்தி நாவலின் உரிமை வாங்காமல் எடுத்ததால் அமெரிக்காவில் அவர் படம் 1970கள் வரை வெளிவரவில்லை. மூல நெகட்டிவ் அழிந்து, அவர் வைத்திருந்த நகலிலிருந்து பிழைத்த படம் அது. கீறல்களையும் மங்கலையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஓடும் நேரம் 140 நிமிடத்துக்கு வெகுவாகக் குறைந்தால் அது வெட்டிய பிரதி, வேறு தேடுங்கள்.

நுவார் புதிதென்றால் 1946இல் தொடங்குங்கள். கதையின் எலும்புக்கூடு அதில்தான் தெளிவாகத் தெரியும். அதன் சூடு ஆறுவதற்குள் ‘ஒஸ்ஸெஸ்ஸியோனே’யைப் பாருங்கள். மூன்றில் பெரிய படம் அதுதான். 1981 படத்தை ஜாக் நிக்கல்சன், ஜெசிகா லாங் நடிப்புக்காகக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.