உப்புக்காற்றில் பி.எச். பேனாவும் டி.ஓ. மீட்டரும்: சில சீசன் அனுபவம்

வேதாரண்யம் பக்கம் வனாமி இறால் வளர்க்கிறோம். தண்ணீரின் அமில-காரத் தன்மை பார்க்க பி.எச். பேனா, அதில் கரைந்த ஆக்சிஜன் பார்க்கக் கையடக்க டி.ஓ. மீட்டர், கரைந்திருக்கும் பொருள்களின் மொத்த அளவு பார்க்க ஒரு டி.டி.எஸ். பேனா, உப்பு பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர், இவ்வளவுதான் எங்கள் ஆய்வுக்கூடம். சில சீசன்களாக இவற்றோடு பழகியதில் எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பி.எச். பேனாவில் கம்பெனிப் பெயருக்குப் பெரிய மதிப்பில்லை. முனை ஈரமாகவும், பஃபர் (பேனாவைச் சரிபார்க்க வைத்திருக்கும், பி.எச். தெரிந்த கரைசல்) புதிதாகவும் இருந்தால் மலிவு விலைப் பேனாவே போதும். டி.ஓ. மீட்டர் அப்படியில்லை, அங்கே காசைப் பார்க்கக் கூடாது.

பேனாவின் நுனியில் இருக்கும் கண்ணாடிக் குமிழின் மேல் நீர் ஊறிய மெல்லிய படலம் ஒன்று உண்டு. அது காய்ந்தால் எண் ஓரிடத்தில் நிற்காது. அதனால் மூடிக்குள் இருக்கும் பஞ்சில் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசல் நாலு சொட்டு எப்போதும் இருக்கட்டும். மூடி ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தால் பயம் வேண்டாம், கழுவினால் போய்விடும். சுத்தமான தண்ணீர்தானே என்று டிஸ்டில்டு வாட்டரிலோ ஆர்.ஓ. தண்ணீரிலோ ஊறப்போடுகிறார்களே, அதுதான் கெடுதல். முனைக்குள் இருக்கும் உப்பு வெளியே கசிந்து போய்விடும். கரைசல் தீர்ந்துபோன அன்றைக்கு 4.01 பஃபரில் வைத்துச் சமாளிக்கலாம். காய்ந்த முனையை இரவு முழுக்கக் கரைசலில் போட்டால் பெரும்பாலும் எழுந்துகொள்ளும்.

குளத்துத் தண்ணீர் பெரும்பாலும் 7.5-க்கும் 8.5-க்கும் நடுவில் ஓடுவதால் 7, 10 இரண்டு பஃபரிலும் முக்கி பேனாவின் எண்ணைச் சரிசெய்கிறோம், அதாவது கேலிபரேஷன். 10.01 பஃபர் திறந்து வைத்தால் காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு இறங்கிவிடும். சின்னக் கப்பில் ஊற்றி, பார்த்ததும் கொட்டிவிட வேண்டும். திரும்பப் பாட்டிலில் ஊற்றினால் பாட்டிலே வீண். மலிவுப் பேனாக்களோடு பொட்டலத்தில் வரும் பஃபர் தூள் 6.86, 9.18 வகை. 6.86 கேட்கும் பேனாவை 7.00 பஃபரில் முக்கி பட்டனை அமுக்கினால் 0.14 தவறு அன்று முழுக்கக் கூடவே வரும். காலைக்கும் மாலைக்கும் 0.5-க்கு மேல் ஏறி இறங்கக் கூடாது என்று பார்க்கிற இடத்தில் இது சின்ன விஷயமில்லை.

முனைக்கு வயதாவதைக் கண்டுபிடிக்க எளிய வழி, எண் நிலைக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான். புதிது கால் நிமிடத்தில் நின்றுவிடும். கழுவி, ஊறவைத்து, புது பஃபரில் பார்த்தும் ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்தால் மாற்ற வேண்டியதுதான். எங்கள் பக்கம் ஒன்றிரண்டு வருடம் உழைத்தாலே நல்ல உழைப்பு.

பாசி வழவழப்புக்கும் தீவன எண்ணெய்க்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு போதும். சுண்ணாம்பு வெள்ளை படிந்திருந்தால் வினிகரில் சில நிமிடம். அப்புறம் கழுவி, பொட்டாசியம் குளோரைடில் கொஞ்ச நேரம் வைத்து, மறுபடி கேலிபரேஷன். துண்டால் தேய்க்கக் கூடாது, டிஷ்யூவால் ஒற்றினால் போதும். மருந்தில்லாத ஒரே கேடு நடுக்குளத்துக் கறுப்புச் சேறு. அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முனைக்குள் புகுந்து அங்கிருக்கும் வெள்ளியைக் கறுப்பாக்கிவிடும். ஆகவே பேனாவைக் குளத்துக்குள் விடுவதே இல்லை, மக்கில் மோந்துதான் பார்ப்போம்.

சரி, டி.ஓ. மீட்டருக்கு வருவோம். இறால் சாவதும் பிழைப்பதும் விடியற்காலை நாலு, ஐந்து மணி ஆக்சிஜனில் இருக்கிறது. முதலில் வைத்திருந்தது முனையில் மெம்பரேன் என்ற மெல்லிய சவ்வு போட்ட போலரோகிராஃபிக் வகை. அதை ஆன் செய்து பத்துப் பதினைந்து நிமிடம் விட வேண்டும். விடாவிட்டால் எண் மேலே தொடங்கி மெல்ல இறங்கும். இரவுக் காவலுக்கு இருக்கும் தம்பி தூக்கக் கலக்கத்தில் பார்த்துவிட்டு, "அண்ணே, அஞ்சரை இருக்கு" என்பான். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் நாலுக்குக் கீழே வந்திருக்கும். மெம்பரேனுக்கு அடியில் குமிழி இருந்தாலும் தப்பு, முனையைத் தண்ணீரில் ஆட்டிக்கொண்டே இல்லாவிட்டாலும் தப்பு. அது ஆக்சிஜனைத் தின்று அளக்கும் வகை என்பதால் நின்ற தண்ணீரில் குறைத்தே காட்டும்.

இதைவிடப் பலர் கோட்டை விடும் இடம் மீட்டருக்குள் இருக்கும் உப்பு அமைப்பு. 30 டிகிரி வெப்பத்தில் நல்ல தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். 30 பி.பி.டி. (ஆயிரத்தில் 30 பங்கு) உப்பில் 6.4 அளவுதான். மீட்டரில் உப்பு பூஜ்யம் என்றே கிடந்தால், அது 4 என்று காட்டும்போது குளத்தில் உண்மையில் இருப்பது சுமார் 3.4. 4-க்குக் கீழே போனால் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரைக் கூட்டலாம் என்று உட்கார்ந்திருப்பவனுக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம்! மழை பெய்து உப்பு இறங்கியதும் அந்த எண்ணையும் மாற்ற வேண்டும், ஆனால் யாரும் மாற்றுவதில்லை.

இப்போது ஆப்டிகல் வகைக்கு மாறிவிட்டோம். சூடேறக் காத்திருக்க வேண்டாம், ஆட்ட வேண்டாம், மெம்பரேன் இல்லை. சென்சார் மூடியில் பூசிய சாயம் ஆக்சிஜனுக்கு ஏற்ப ஒளி மங்குவதை வைத்து அளக்கிறது. அந்த மூடியை வெயிலில் காட்டக் கூடாது, ஸ்பிரிட் போட்டுத் துடைக்கக் கூடாது, ஈரப்பஞ்சு இருக்கும் உறைக்குள்ளேயே வைக்க வேண்டும். காற்றில் கேலிபரேஷன் செய்வதும் அந்த ஈர உறைக்குள்தான்; மூடி மேல் தண்ணீர்த் துளி ஒட்டியிருந்தால் ஒற்றி எடுத்துவிட்டுச் செய்யுங்கள். சந்தேகம் வந்தால், ரசாயனம் சேர்த்து ஆக்சிஜன் அளக்கும் விங்க்ளர் முறை டெஸ்ட் கிட்டில் ஒரு தடவை ஒப்பிட்டுக்கொள்வோம்.

டி.டி.எஸ். பேனாவால் இறால் குளத்தில் பயனில்லை. 9990 பி.பி.எம்.மோடு, அதாவது சுமார் 10 பி.பி.டி.யோடு, அதன் கணக்கு முடிந்துவிடும். பஃபர் கரைக்க வாங்கும் பேட்டரித் தண்ணீர் உண்மையிலேயே சுத்தமா என்று பார்க்க மட்டும் வைத்திருக்கிறோம். ஒன்றிரண்டுக்கு மேல் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

உப்புக்காற்று உள்ளே போனால் பேட்டரி முனை பச்சை பிடித்துவிடும். மூடியின் ரப்பர் வளையத்தில் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவி, சீசன் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி வைக்கிறோம்.

வாங்கப் போகிறவர்களுக்கு: முனை மட்டும் தனியாக மாற்றக்கூடிய பி.எச். பேனாவாகப் பாருங்கள். ஆப்டிகல் மீட்டரைப் பழையதாக வாங்கினால் சென்சார் மூடி எப்போது மாற்றியது என்று கேளுங்கள். அது ஒன்றிரண்டு வருடம்தான் தாங்கும், விலையும் அதிகம். உதிரி பி.எச். முனையை முன்கூட்டி வாங்கி அடுக்காதீர்கள். பெட்டிக்குள்ளேயே அதற்கு வயதாகிவிடும், குஞ்சு விடுவதற்குக் கொஞ்சம் முன்னால் வாங்கினால் போதும்.